போன தடவைக்கு நன்றி

நாத்தனார் வீட்டுச் சமையலறையில் காப்பிக் கோப்பைகளைக் கழுவியபடியே, "இதுதான் கடைசி, இனிமேல் அவனுக்குத் தெரியாமல் இங்கே வர மாட்டேன்" என்று ரிக்கே தனக்குள் சொல்லிக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் இதையேதான் சொல்லிக்கொள்கிறாள் என்பதையும் பார்த்தோம். மறுநாள் அவள் கணவன் ட்ரோல்ஸ் கடலிலிருந்து வீடு திரும்பினான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளைப் பழுது பார்ப்பது ட்ரோல்ஸின் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கிற நாட்களில் மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. நேற்று சாயங்காலமே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே உருக்கி ஊற்றி ஒரு தட்டு நிறையக் கேக் சுட்டு வைத்துவிட்டான். இந்த வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கேக் கொண்டுபோகிற முறை அவன் மகள் வில்மாவுடையது.

"என்ன மகாராணி, அப்பா செஞ்ச கேக்கைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாதா?"

எட்டு வயது வில்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான்.

"நல்ல கூத்துதான் போ," என்றான் ட்ரோல்ஸ். "ரீபெ ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பேசக் கத்துக்குடுக்கிற டீச்சர் இங்க இருக்கா. அவ வீட்டுல ஒண்ணு இருக்கு, வாயில பூட்டுப் போட்டுக்கிட்டு. சாவி யார்கிட்டன்னு தெரியல."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ரிக்கே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தக் குடும்பத்தில் பேச்சு நின்றுபோய் மூன்று வருஷமாகிறது. ட்ரோல்ஸின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது அவனுடைய அக்கா இங்கர்தான். அவன் கடலில் இருந்தான். அவனுக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்க உட்கார்ந்த இடத்தில், "எனக்கு ஒரு போன் பண்ண உனக்கு மனசு வரலையா? இனி நீ எனக்கு யாரோ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போனான். இங்கர் பதிலே சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரே சின்ன ஊரில் இருந்துகொண்டு அக்காவும் தம்பியும் தெரு மாறி நடக்கிறார்கள்.

இந்த வசந்தத்தில் பேக்கரி வரிசையில் இங்கர் ரிக்கேவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைய ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டு" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல ரிக்கேவுக்கு வாய் வரவில்லை. ட்ரோல்ஸிடம் சொல்லவும் வாய் வரவில்லை. வாய்ப்பேச்சைப் பாடமாக நடத்துகிறவளுக்கு வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை வராமல் போனது. ஒரு தடவை என்பது புதன்கிழமைதோறும் என்று ஆயிற்று.

முதல் நாள் திரும்பி வரும்போது காரில் வில்மாவிடம் சொன்னாள். "அத்தை வீட்டுக்குப் போனத அப்பாகிட்ட சொல்ல வேண்டாம், கண்ணு. இது நமக்குள்ள இருக்கட்டும்." ஒரே தடவைதான் சொன்னாள். பிள்ளை தலையாட்டினாள். கெட்டிக்காரப் பிள்ளை, திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

ரிக்கேவின் வகுப்பில் ஆறே பிள்ளைகள். எழுத்தும் கணக்கும் இவர்களுக்கு நன்றாகவே வரும். வணக்கம் சொல்ல வராது, தன் முறைக்குக் காத்திருக்க வராது, கேட்டதற்குப் பதில் சொன்ன கையோடு திருப்பி ஒன்று கேட்கத் தோன்றாது. ஸ்டோர்ம் என்கிற பையன் மண் அள்ளும் இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்தால் மணி அடிக்கும் வரை ஓய மாட்டான். லீவா, புது முகத்தைப் பார்த்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வில்மா பேசவே மாட்டாள்.

கோடை வரைக்கும் அவள் வாயாடி. இலை உதிரும் காலத்தில் வகுப்பாசிரியர் வந்து, "கேள்வி கேட்டா தரையப் பாக்கறா, ரிக்கே" என்றார். சொந்தப் பிள்ளையைத் தன் குழுவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நாலு பேர் சொல்லிப் பார்த்தார்கள். ரிக்கே கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளைப் பேச வைத்தவள் தன் பிள்ளையைப் பேச வைக்க மாட்டாளா என்கிற வீம்பு. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் அம்மா இல்லை, மற்ற பிள்ளைகளுக்குப் போல வெறும் ரிக்கே.

போன வாரப் பாடம், மறுபடி சந்திக்கும்போது சொல்கிற வார்த்தை.

"ஒருத்தர் வீட்டுல காப்பி குடிச்சோம், இல்ல சேர்ந்து எங்கேயோ போனோம். அடுத்த தடவை அவங்களப் பாத்தா முதல்ல என்ன சொல்லணும்?"

"போன தடவைக்கு நன்றி!" என்று ஐந்து குரல்கள் கத்தின.

"அதுக்கப்புறம்?"

"போன தடவை அவங்க சொன்னதுல இருந்து ஒரு கேள்வி கேக்கணும்," என்றான் ஸ்டோர்ம். "உங்க இயந்திரம் சரியாயிடுச்சான்னு."

"எல்லார்கிட்டயும் இயந்திரம் இருக்காது, ஸ்டோர்ம்."

வீட்டுப்பாடமும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் காப்பி மேஜை போடப் போகிறோம். ஆளுக்கு ஒரு விருந்தாளியை அழைக்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுக்கக் கூடாது, அப்பா அம்மாவை விட்டுச் சொல்லக் கூடாது. தானே நேரில் போய் வாயால் கூப்பிட வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் கண் வில்மா மேலேயே இருந்தது. அப்பாவையாவது கூப்பிடுவாள் என்று நம்பினாள்.

*

வெளியே நவம்பர் மழை. வகுப்பில் மெழுகுவத்திகள் எரிந்தன. மேஜைக்குக் காகித விரிப்பு போட்டிருந்தார்கள், பெரியவர்களுக்குக் காப்பி, பிள்ளைகளுக்குப் பழரசம். ட்ரோல்ஸ் கேக்கோடு வந்து மழைக்கோட்டைக் கழற்றி மாட்டினான்.

"வில்மா கூப்பிட்டாளா?" என்று ரிக்கே அவன் காதருகே ஆவலாகக் கேட்டாள்.

"இல்லையே. கேக் கொண்டுவரணும்ல, அதான் வந்தேன்."

"அப்போ அவ யாரக் கூப்பிட்டா?"

அவன் உதட்டைப் பிதுக்கினான். ஸ்டோர்மின் மாமா வந்தார். லீவாவின் அம்மா வந்தாள். மற்றப் பிள்ளைகளின் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வில்மா கதவையே பார்த்தபடி நின்றாள், இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு.

கதவு திறந்தது. நீலக் கம்பளிச் சட்டையும், கையில் ஒரு சிறிய பூச்செடியுமாக இங்கர் நின்றாள்.

ட்ரோல்ஸ் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். இங்கர் அவனைப் பார்த்து ஒரு சிரிப்பை ஆரம்பித்தாள். அவன் முகத்தைக் கண்டதும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு ரிக்கேவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், "நீ இவன்கிட்ட சொல்லலையா?" என்ற கேள்வி இருந்தது.

வில்மா நேராக நடந்து போனாள். கையை நீட்டினாள். அத்தையின் கண்ணைப் பார்த்தாள். பாடத்தில் சொன்னபடி குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திச் சொன்னாள்.

"வணக்கம், இங்கர் அத்தை. போன தடவைக்கு நன்றி."

மாதக்கணக்கில் அந்தக் குரலைப் பள்ளிக்கூடம் கேட்டதில்லை. லீவா கூட மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வில்மா முடிக்கவில்லை. அடுத்தது கேள்வி அல்லவா? "உங்க பல்வலி போயிடுச்சா? புதன்கிழமை பணியாரத்த ஒரு பக்கமாவே மென்னீங்களே. அம்மா கூட கிராம்பு வெச்சுக்கச் சொன்னாங்களே."

சொல்லிவிட்டு ரிக்கேவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்க வெளிச்சம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேனா என்று கேட்கிற முகம். எந்த ஆசிரியருக்கும் வருஷத்தில் ஒரு தடவை கிடைக்கிற பரிசு அது. ரிக்கேவால் தலையைக் கூட ஆட்ட முடியவில்லை.

"புதன்கிழமை," என்றான் ட்ரோல்ஸ் மெல்ல. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"போயிடுச்சு, தங்கம்," என்றாள் இங்கர். "கேட்டதுக்கு நன்றி."

பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காப்பியைக் கலக்க ஆரம்பித்தார்கள், சர்க்கரை போடாதவர்களும்தான். இந்த ஊரில் பிறர் வீட்டுச் சங்கடத்துக்கு முன்னால் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"கேக் எடுத்துக்கோ," என்றான் ட்ரோல்ஸ், தட்டை நீட்டி. மூன்று வருஷத்தில் அக்காவிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. குரலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் ஸ்டோர்முக்கு இன்றைக்கு ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியுமா?"

"தெரியும்," என்றான் ட்ரோல்ஸ்.

"இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"ஸ்டோர்ம், போதும்..." என்றாள் ரிக்கே.

"பாத்திருக்கோம்."

"சேர்ந்து காப்பி குடிச்சிருக்கீங்களா?"

ட்ரோல்ஸ் கத்தியைத் துணியில் துடைத்தான். இங்கர்தான் சொன்னாள். "குடிச்சிருக்கோம்."

"அப்போ 'போன தடவைக்கு நன்றி' சொல்லலையே நீங்க!" ஸ்டோர்ம் தவறைக் கண்டுபிடித்த பெருமையில் ரிக்கேவைப் பார்த்தான். "சொல்லணும்தான, ரிக்கே?"

பிள்ளைகள் எல்லாரும் அந்த இருவரையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். போன தடவை என்பது அம்மாவை மண்ணில் வைத்துவிட்டு வந்து குடித்த காப்பி. அது அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இங்கர் தட்டைக் கீழே வைத்தாள். "போன தடவைக்கு நன்றி, ட்ரோல்ஸ்," என்றாள். கடைசி எழுத்தில் குரல் உடைந்தது.

ட்ரோல்ஸ் வாயைத் திறந்தான், மூடினான். "பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்," என்றான். பால் ஜாடி விளிம்பு வரை நிறைந்திருந்தது. மழைக்கோட்டைக் கூட எடுக்காமல் வெளியே போனான்.

"அவர் சொல்லவே இல்ல," என்றான் ஸ்டோர்ம் ஏமாற்றத்தோடு.

*

எல்லாரும் போன பிறகு, நடையில் இங்கர் பூச்செடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ அவன்கிட்ட பேசிட்டேன்னு நெனச்சேன் ரிக்கே. புதன்கிழமை நீ உள்ள கோப்பை கழுவிட்டு இருந்தப்ப பிள்ளை வந்து கூப்பிட்டா. அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். 'அம்மாதான் கூப்பிடச் சொன்னாங்க'ன்னா. நான் வேற என்ன நெனப்பேன்? நைட்டெல்லாம் தூங்கல, இந்தச் சட்டைய ரெண்டு தடவை இஸ்திரி போட்டேன்."

"மன்னிச்சுடு, இங்கர்."

"என்கிட்ட எதுக்கு?" என்றாள் இங்கர். செடியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ரிக்கே ட்ரோல்ஸை நினைத்துக்கொண்டாள். அது பாதிதான் சரி என்பது அவளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிய வந்தது.

*

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ட்ரோல்ஸ் ஆற்றங்கரை முழுக்க நடந்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து சமையலறைக்குள் வந்தான்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"வசந்தத்துல இருந்து."

"நான் கடல்ல இருக்கறப்பல்லாம்?"

"நீ இருக்கறப்பவும் தான். நூலகத்துக்குப் போறோம்னு சொல்லிட்டு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ அவளப் பாத்தது எனக்குக் கோவம்தான். ஆனா அது ஆறிப்போயிடும். இங்கர் உனக்கும் வேண்டப்பட்டவதான். வில்மாவ எதுக்கு இதுல இழுத்த? அப்பாவுக்குத் தெரியாம ஒளிக்கிறதுக்கு எட்டு வயசுப் பிள்ளையத் துணைக்கு வெச்சுக்கிட்டியே, ரிக்கே."

"பொய் சொல்லச் சொல்லல. சொல்லாம இருன்னு மட்டும்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தன் காதுக்கே அது எவ்வளவு கேவலமாக விழுந்தது!

"அவ எங்க?" என்றான்.

வில்மா வாசல் நடையில், கோட்டுகள் மாட்டியிருக்கும் வரிசைக்குக் கீழே, ஈரக் காலணியைக் கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததிலிருந்து அங்கேயேதான். ரிக்கே அவள் முன்னால் மண்டியிட்டுக் காலணியின் நாடாவை அவிழ்த்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லடா. ரொம்பச் சரியாச் சொன்ன."

"அப்ப அப்பா ஏன் போனாங்க?"

ரிக்கே இரண்டாவது காலணிக்குப் போனாள்.

"எனக்கு யோசனையாத்தான் இருந்துச்சு," என்றாள் வில்மா. "வீட்டுல அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. ஸ்கூல்ல ரிக்கே சொல்லணும்னாங்க. ஸ்கூல்ல ரிக்கே சொல்றததான கேக்கணும்? நீங்கதான அங்க நான் அம்மா இல்லன்னீங்க?"

நாடாவில் இருந்த ரிக்கேவின் விரல்கள் நின்றுவிட்டன.

"வில்மா, நீ ஏன்டா ஸ்கூல்ல யார்கிட்டயும் பேசறதில்ல? மத்த விஷயமெல்லாம் பேசலாம்ல?"

பிள்ளை, இது கூடத் தெரியாதா என்பது போல அவளைப் பார்த்தாள்.

"பணியாரம் பிடிக்கும்னு சொன்னா எங்க சாப்பிட்டன்னு கேப்பாங்க. கேட்டா பதில் சொல்லணும். லீவாகிட்ட சொன்னா லீவா அவங்கம்மாகிட்ட சொல்லுவா, அவங்க கடையில அப்பாவப் பாப்பாங்க. எதெது சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஞாபகம் வெச்சுக்க முடியல. எதையுமே சொல்லாம இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

இலை உதிரும் காலம் முழுக்க இந்தப் பிள்ளைக்கு ரிக்கே படங்கள் காட்டினாள், பொம்மைகளை வைத்துப் பேசிக் காட்டினாள், கண்ணைப் பார் என்றாள், முறை வந்தால் பேசு என்றாள். பிள்ளைக்கு என்ன குறை என்று தேடித் தேடிப் புத்தகம் படித்தாள். குறை அவள் காரில் சொன்ன ஒரு வாக்கியம். பூட்டையும் போட்டுவிட்டு, வாரா வாரம் வேறொரு சாவியைக் கொண்டுவந்து திருகிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் அவளால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என் தப்பு," என்றாள். "முழுக்க என் தப்பு, வில்மா. உன்னோடது ஒண்ணுமே இல்ல. இனிமே நீ எத வேணும்னாலும் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

"எத வேணும்னாலுமா?"

"எத வேணும்னாலும்."

வில்மா யோசித்தாள். "பாட்டி சொன்னதையும்?"

சமையலறைக் கதவில் ட்ரோல்ஸ் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"எந்தப் பாட்டி?" என்றாள் ரிக்கே.

"ஆஸ்பத்திரியில இருந்த பாட்டி. அப்பாகிட்ட சொல்லச் சொல்லி அத்தைகிட்ட ஒண்ணு சொன்னாங்களாம். அத்தை என்கிட்ட சொல்லி அழுதாங்க, நீங்க கோப்பை கழுவறப்ப. அப்பாவாக் கேட்டா சொல்லு, கேக்காம நீயாச் சொல்லிடாதன்னாங்க."

ஆக, பிள்ளையின் தலையில் ஒரு மூட்டை இல்லை, இரண்டு. ஒன்றை ஏற்றியது அத்தை. ஏற்றும்போது பக்கத்து அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றது அம்மா.

ட்ரோல்ஸ் வந்து நனைந்த உடையோடு எதிரே தரையில் உட்கார்ந்தான். இந்த மூன்று வருஷத்தில் அக்காவைப் பற்றி அவன் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போதும் வாயைத் திறந்து மூடினான். வில்மா கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தாள்.

"உங்க முறைதான்பா," என்றாள் மெல்ல. "நீங்கதான் கேக்கணும்."

அவன் கைமுட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கம்மா என்ன சொன்னாங்க, வில்மா?"

பிள்ளையின் கண் உடனே, பழக்கத்தில், அம்மாவின் முகத்தைத் தேடித் திரும்பியது. சொல்லலாமா? காலையில் சாப்பாட்டு மேஜையில் பார்த்தாளே, அதே பார்வை. மாதக்கணக்கில் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் பார்த்த பார்வை. அதை ரிக்கே கூச்சம் என்று நினைத்திருந்தாள்.

ரிக்கே எழுந்து, முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அங்கே கோட்டுகள் தொங்கின. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் வில்மா தொண்டையைச் செருமினாள்.

"அன்னிக்கு உங்க கடல்ல புயல் அடிச்சதாமே, அப்பா. உங்களுக்குப் போன் பண்ண வேண்டாம்னு பாட்டிதான்..." என்று ஆரம்பித்தாள்.